சுவர் யாருடையது?

அண்மையில் வரிச்சிக்குடியிலுள்ள நம் இல்லத்தில் ஒரு நிக்காஹ் நடைபெற்றது. அதற்கு ஒரு வாரம் முன்னரே தெருப்பக்கச் சுற்றுச்சுவருக்கு இரண்டு கை வெள்ளையடித்து வைத்தோம். மறுநாள் பஜ்ருத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து திரும்பியபோது, அச்சுவரின் நீளம் முழுவதையும் ஓர் அரசியல் கட்சியின் எழுத்துகள் பிடித்துக்கொண்டிருந்தன. எழுதி முடித்தவர் சாவகாசமாகத் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாகாதா?" என்றோம்.

அவர் கோபிக்கவில்லை. "வெள்ளையடித்த சுவரைச் சும்மா விட்டால் நாளைக்கு வேறு ஆள் எழுதிவிடுவான், பாய். எங்கள் அப்பாவும் சுவர் எழுதியவர்தான். முன்பு இந்த வீட்டில் திண்ணை இருந்ததாம். அப்போது இந்தத் தெருவில் தனக்கு வேலையே இருந்ததில்லை என்பார்" என்றார்.

அந்த மறுமொழி நம்மை நாணச் செய்தது. அவர் கூறியது உண்மை. அத்திண்ணையை இடித்து, அவ்விடத்தில் ஆளுயரச் சுவர் எழுப்பியவர்கள் நாமேதான். பாதுகாப்புக்கென்று எழுப்பினோம். எழுப்பிய அன்றே, நாமறியாமல், தெருவுக்கு ஒரு வெற்றுப் பலகையைச் செய்து கொடுத்துவிட்டோம்.

அன்று தொடங்கி நம் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சிந்தனையையே இங்கு வாசகர்கள் முன் வைக்கிறோம். தெருவோவியம் என்ற கலையைப் பற்றி இன்று பலரும் பேசுகின்றனர். நகரமைப்பு என்ற துறையைப் பற்றி வேறு சிலர் பேசுகின்றனர். இவ்விரண்டும் ஒன்றையொன்று உருவாக்குகின்றன என்பதைச் சேர்த்துப் பேசுவோர் குறைவு. சுவரிலுள்ள ஓவியத்தை மட்டும் பார்த்து அழகு என்றோ அலங்கோலம் என்றோ தீர்ப்புரைப்பது பாதித் திறனாய்வே ஆகும். அச்சுவர் அங்கே ஏன் வந்தது என்று கேட்பது மற்றப் பாதி.

திண்ணை இருந்த தெரு

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் பழைய தெரு ஒன்றில் நடந்து பார்த்தவர்களுக்கு நாம் கூறுவது எளிதில் விளங்கும். கூரையைத் தெருப்பக்கம் இறக்கி, மரத்தூண்களில் தாங்கி, தாழ்வாரம் அமைத்திருப்பார்கள். அதற்குப் பின்னே திண்ணை. அதற்கும் பின்னே வேலைப்பாடமைந்த கதவு. நடந்து செல்பவனை அங்கே சுவர் எதிர்கொள்வதில்லை. நிழலும் இருக்கையும் மனித முகமும் எதிர்கொள்கின்றன. வீட்டுக்காரருக்குச் சொந்தமான அந்த இடம் பாதிக்கு மேல் வழிப்போக்கருக்கே பயன்பட்டது.

அத்தெருவிலும் கலை இல்லாமற் போகவில்லை. இந்துச் சகோதரிகளின் வாசலில் கோலம். நம்மவர் வாசலில் நிலைப்படிக்கு மேலே அரபு எழுத்துகள், வளைவில் பலவண்ணக் கண்ணாடி. இவையனைத்தும் கைக்கெட்டும் உயரத்தில், நடப்பவன் நின்று காணும் அளவில் அமைந்தவை. தெருவின் அமைப்பு எத்தகையதோ அத்தகையதே அதன் கலையும்.

2000ஆம் ஆண்டுக்குப் பின், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் உதவியுடன் புதுச்சேரி வைசியாள் தெருவில் ஒரு பணி நடந்தது. அங்குள்ள வீடுகளின் முகப்புகளும் தாழ்வாரங்களும் பழைய முறைப்படி மீட்டமைக்கப்பட்டன. அத்தெருவில் ஒருவரும் பெரிய ஓவியம் எதையும் தீட்டவில்லை. தெருவே காட்சியாயிற்று. நகரமைப்பு தன் கடமையைச் செய்யும்போது ஓவியன் ஓய்வெடுக்கலாம் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாம்.

இதன் மறுபுறத்தையும் காவிரிப் படுகையில் வாழும் நாம் அறிவோம். கலை தெருவை உருவாக்கிய கதை அது. திருவாரூரின் ஆழித்தேர் திரும்ப வேண்டுமென்றால் வீதி அகன்றிருக்க வேண்டும். முனைகள் விரிந்திருக்க வேண்டும். தேரோடும் வீதியில் எவரும் தம் வீட்டுப் படியை முன்னே இழுத்துக் கட்டத் துணியார். நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்குக் கொடி ஊர்வலம் வரும்போது கப்பல் வடிவில் அலங்கரித்த ஊர்திகள் தெருவை நிறைத்து வருகின்றன. கந்தூரி பற்றி நம்மவரிடையே நிலவும் கருத்து வேறுபாடுகள் இக்கட்டுரையின் பொருளல்ல. ஆண்டுக்கு ஓரிரவு வந்து போகும் ஒரு காட்சி, ஆண்டு முழுவதும் ஒரு தெருவின் அகலத்தைக் காத்து நிற்கிறது என்பதையே நாம் சுட்டுகிறோம். எந்தச் சட்டமும் இவ்வளவு செவ்வையாக ஆக்கிரமிப்பைத் தடுத்ததில்லை.

வெற்றுச் சுவர்களின் காலம்

திண்ணைகள் மறைந்தன, சுவர்கள் நீண்டன. அரசு அலுவலகங்களின் சுற்றுச்சுவர், இரயில் பாதையோரச் சுவர், மேம்பாலத் தூண், அடுக்குமாடிக் கட்டடத்தின் சன்னலற்ற பக்கம் ஆகிய யாவும் நகரமைப்பாளர் வரைபடத்தில் வெறும் கோடுகள். தெருவில் நிற்பவனுக்கோ அவை முகமற்ற பரப்புகள். முகமற்ற பரப்பைக் கண்டால் யாரேனும் அதற்கு ஒரு முகம் வரைந்துவிடுகிறார்கள். முதலில் வந்தவை கட்சிகள். பிறகு திரைப்படச் சுவரொட்டிகள். பிறகு சிமெண்டும் சேலையும் விற்போர்.

பொது இடங்களின் தோற்றம் கெடுவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கென 2000ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது, காரைக்காலும் அதற்குட்பட்டதே. சட்டங்கள் இருக்கின்றன, சுவர்களும் நிறைந்தே இருக்கின்றன. கையால் எழுதும் ஓவியர்களின் பிழைப்பை நெகிழிப் பதாகைகள் பறித்தன. அப்பதாகைகளுள் ஒன்று 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சரிந்து, வண்டியில் சென்ற ஓர் இளம்பெண்ணின் உயிரையும் பறித்தது. தெருவின் காட்சி வெறும் அழகியல் செய்தியன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

2009, 2010ஆம் ஆண்டுகளில் சென்னை மாநகராட்சி ஒரு புதிய வழியைக் கையாண்டது. அண்ணா சாலை போன்ற முதன்மைச் சாலைகளில் சுவரொட்டிகளைத் தடைசெய்து, அச்சுவர்களில் தமிழர் பண்பாட்டுக் காட்சிகளையும் இயற்கைக் காட்சிகளையும் வரையச் செய்தது. வேலையிழந்திருந்த பதாகை ஓவியர் சிலருக்கு அதனால் வருவாய் கிடைத்தது. அதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் ஓவியம் என்ற முறையில் அவற்றை மதிப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. கோயிலும் நாட்டியமும் நாற்று நடவும் அருவியும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எந்தச் சுவரில் எது இருந்தாலும் வேறுபாடில்லை. அவ்வோவியங்களின் உண்மைப் பணி காவல் காப்பதே. அங்கே வேறெதுவும் ஒட்டப்படாதிருக்க அவை நிறுத்தப்பட்டன.

காவல் காக்கும் ஓவியத்தின் மிக வருந்தத்தக்க வடிவத்தை நாம் எல்லா ஊர்களிலும் காண்கிறோம். ஒதுக்குப்புறச் சுவர்களின் அடிப்பகுதியில் சாமிப்படமும் சிலுவையும் பிறையும் அச்சிட்ட ஓடுகளை வரிசையாகப் பதித்திருப்பார்கள். மூன்று சமயங்களும் ஒற்றுமையாய் இருப்பதைக் கண்டு மகிழ்வதா? அங்கே எவரும் சிறுநீர் கழிக்கக்கூடாது என்பதற்காகவே அவை அங்கே வைக்கப்பட்டன. கட்ட வேண்டிய கழிப்பிடத்தைக் கட்டாமல், அதன் வேலையைப் புனிதச் சின்னங்களிடம் ஒப்படைத்திருக்கிறோம். நகரமைப்பின் தவறை ஓவியத்தால் மூடுவது என்றால் என்ன என்பதை அந்த ஓடுகள் நமக்குக் கற்பிக்கின்றன.

கண்ணகி நகரின் முகங்கள்

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, நம் காலத்தில் தமிழ்நாட்டில் நடந்த மிகப்பெரிய தெருவோவிய முயற்சிகளுள் ஒன்றை ஆராய்வோம்.

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970ஆம் ஆண்டில் தோன்றியது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்பது பற்றிய அறிஞர் அண்ணாவின் வாசகமே அதன் குறிக்கோளுரை. குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டித் தருவதில் அவ்வாரியம் தொடக்கத்தில் நாட்டம் கொண்டிருந்தது. கடற்கரையோரக் குடியிருப்புகள் அதற்குச் சான்று. பின்னர் போக்கு மாறியது. 2000ஆம் ஆண்டு முதல், கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் வாழ்ந்தவர்கள் நகரின் தென்கோடியில், ஒக்கியம் துரைப்பாக்கத்தில் எழுந்த கண்ணகி நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அங்கே 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் கால் நீட்டிப் படுக்கவே இடம் தேட வேண்டிய அளவு. கூலி வேலையும் வீட்டு வேலையும் பழைய இடத்தில். உறக்கம் மட்டும் புதிய இடத்தில். இவற்றோடு, கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை தர மறுக்கும் கொடுமையும் சேர்ந்தது. ஒரே மாதிரியான கட்டடங்கள் வரிசை வரிசையாய் நின்றதால், அங்கே சன்னலற்ற பெருஞ்சுவர்களுக்குக் குறைவேயில்லை.

அச்சுவர்களில்தான் 2020ஆம் ஆண்டில் ஓவியங்கள் எழுந்தன. ஸ்டார்ட் இந்தியா என்ற அறக்கட்டளை, ஏஷியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்தின் துணையோடும் மாநகராட்சியின் ஒத்துழைப்போடும் உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்களை அழைத்து வந்து இப்பணியைச் செய்வித்தது. தில்லி லோதி குடியிருப்பில் இதற்கு முன்னரே இதே அறக்கட்டளை கலை வட்டாரம் ஒன்றை உருவாக்கியிருந்தது. ஆயினும் லோதி குடியிருப்பு, ஆங்கிலேயர் தம் ஆட்சியின் இறுதிக் காலத்தில் அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய மரநிழல் சூழ்ந்த இடம். அங்கு ஓவியம் அணிகலன். கண்ணகி நகரிலோ அது வேறொரு பொறுப்பைச் சுமக்க வேண்டியிருந்தது.

அங்கு சென்னை ஓவியர் ஏ-கில் வரைந்த சிறார்களின் முகங்களை நாம் உயர்வாக மதிக்கிறோம். தலைவர்களின் முகமும் நடிகர்களின் முகமும் மட்டுமே ஆளுயரத்தைத் தாண்டி வரையப்பட்ட நாடு இது. அங்கே, அதே குடியிருப்பில் ஓடியாடும் பிள்ளைகளின் முகம் மாடி உயரத்துக்கு எழுந்தது. தமிழ்ச் சுவர்களின் நெடுநாள் இலக்கணத்தை அது புரட்டிவிட்டது. யாரையும் வாழ்த்தாத, யாருக்கும் வாக்குக் கேட்காத முகம் அது. இதே ஓவியரும் கத்ரா என்ற ஓவியரும் 2021இல் சென்னை இந்திரா நகர் இரயில் நிலையச் சுவரில் வரைந்த முகங்களும் இத்தகையவை. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் மீதுள்ள இழிவைத் துடைக்க வந்த அவ்வோவியம், நோயாளர் யார், நலமுற்றோர் யார் என்று பார்ப்பவன் பிரித்தறிய இயலாதபடி எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

கண்ணகி நகரின் மற்றச் சில சுவர்களைப் பற்றி நம்மால் இவ்வாறு கூற இயலவில்லை. வடிவக் கணிதக் கோலங்களும் கண்ணைப் பறிக்கும் நிறங்களும் திறமையானவையே. அவற்றை உலகின் எந்த நகரத்துச் சுவரில் வைத்தாலும் பொருந்தும். எங்கும் பொருந்துவது எந்த இடத்துக்கும் உரியதாவதில்லை.

இங்கே எழும் பெரிய கேள்வி வேறு. ஓவியம் வந்தபின் அங்கே வாழ்வோர்க்கு என்ன கிடைத்தது? வெளியூரார் படம் பிடிக்க வந்தனர். நாளிதழ்களில் குற்றச் செய்தியாக மட்டுமே வந்த ஊரின் பெயர் கலைச் செய்தியாக வந்தது. இது சிறிய பயனன்று. பெயரால் வேலையிழந்தவருக்கே அதன் அருமை தெரியும். ஆனால் பேருந்துக் கட்டணமும் தண்ணீர்க் குடமும் வீட்டின் அளவும் அப்படியே இருந்தன. சுவரின் வெளிப்புறம் மாறியது, உட்புறம் மாறவில்லை. 2021இல் அவ்வாரியம் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றப்பட்டது. அங்கும் வெளிப்புறமே முதலில் மாறியது. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். அவ்வூரின் பெயரைத் தமிழகமே அன்று பெருமையோடு உச்சரித்தது. ஓவியர் சுவரில் வரைந்த நம்பிக்கையை, அச்சுவருக்குள்ளிருந்து வந்த ஒரு பெண் மெய்ப்பித்தார். ஆடுகளமும் பயிற்சியும் பள்ளியும் தருவதே நகரமைப்பின் பணி என்பதை அவ்வெற்றி நமக்கு நினைவூட்டுகிறது.

பினாங்கு தரும் எச்சரிக்கை

நம்மூர்ச் சபுராளிகள் கால் பதித்த ஊர் பினாங்கு. அங்குள்ள ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல், காதர் முகைதீன் அவர்கள் காலத்தில், அரசு அளித்த நிலத்தில் எழுந்தது. சூலியாத் தெருவில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஒரு தர்கா இன்றும் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் வட்டிக்கடைக்கும் கப்பல் வணிகத்துக்கும் மத்தியில் தமக்கென ஒரு தெருவை உண்டாக்கி வாழ்ந்த வரலாறு அந்நகரின் வரைபடத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அந்நகரில் பழைய வீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் குடியிருந்து தொழில் செய்தோர் பலர் வெளியேறினர். 2008இல் யுனெஸ்கோ அந்நகரை மலாக்காவுடன் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2012இல் எர்னெஸ்ட் சகாரெவிச் என்ற லித்துவேனிய ஓவியர் வரைந்த சுவரோவியங்கள் புகழ்பெற்றன. ஆர்மேனியன் தெருவில் மெய்யான மிதிவண்டி ஒன்றைச் சுவரில் பொருத்தி, அதன்மேல் இரு குழந்தைகள் செல்வதாக அவர் வரைந்த ஓவியத்தின் முன் இன்று மக்கள் வரிசையில் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள்.

அவ்வோவியம் நல்ல ஓவியம். குழந்தைகளின் களிப்பு பொய்யற்றது. ஆனால் வாழ்ந்த குடும்பங்கள் வெளியேறிய தெருவில், வரையப்பட்ட குழந்தைகள் சிரிக்கின்றன என்பதை எண்ணும்போது நம் நெஞ்சில் ஏதோ தைக்கிறது. ஓவியர் அவர்களை வெளியேற்றவில்லை. சட்டமும் சந்தையும் வெளியேற்றின. எனினும் ஓவியம் கூட்டத்தை அழைத்தது. கூட்டம் கடைகளை அழைத்தது. கடைகள் வாடகையை உயர்த்தின. நகரமைப்பு ஓவியத்துக்கு இடம் கொடுத்தது. ஓவியம் நகரமைப்பை மேலும் ஒரு திசையில் தள்ளியது.

அதே நகரில் மாநில அரசின் முயற்சியால் அமைந்த 52 இரும்புக்கம்பிச் சிற்பங்களை நாம் இதைவிடச் சிறந்தவையாகக் கருதுகிறோம். அவை அந்தந்தத் தெருவின் கதையை அந்தந்தத் தெருவிலேயே நகைச்சுவையோடு கூறுகின்றன. காலணிக் கலைஞர் ஜிம்மி சூ தொழில் பழகிய தெருவில் அதைச் சொல்லும் சிற்பம் நிற்கிறது. அதைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தால் பொருளிழந்துவிடும். இடத்துக்கு உரிய கலை என்று நாம் சொல்வது இதையே.

எழுத்தும் ஓர் ஓவியமே

உருவ ஓவியங்கள் பற்றி நம் சமுதாயத்தில் தயக்கம் உண்டு. உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடுகளும் உண்டு. அவ்விவாதத்துக்குள் நாம் புகவில்லை. ஆயினும் தயக்கத்தைக் காரணமாக்கித் தெருக்கலையே நமக்கு அந்நியம் என்று ஒதுங்குவது அறியாமை. பிரெஞ்சு நாட்டில் வளர்ந்த துனிசிய வம்சாவளிக் கலைஞர் எல் சீட், 2016இல் கெய்ரோவில் குப்பை பொறுக்கி வாழும் காப்டிக் கிறித்தவர்களின் குடியிருப்பில், ஏறத்தாழ 50 கட்டடங்களின் மீது ஒரே அரபு எழுத்தோவியத்தைப் பரப்பினார். வாசகத்தை அவர் அம்மக்களின் சமய முன்னோர் ஒருவரிடமிருந்தே எடுத்துக்கொண்டார். அருகிலுள்ள முகத்தம் குன்றின் மீது நின்றால் மட்டுமே அது முழுமையாகத் தெரியும். நகரத்தார் இழிவாகப் பார்த்த ஒரு பகுதியைக் காண, நகரத்தாரே மலையேறி வர வேண்டியதாயிற்று.

முஸ்லிம் கலைஞர் ஒருவர் நம் எழுத்துமரபை அண்டை வீட்டாரின் சுவரில், அவர்களுடைய சொல்லையே கொண்டு எழுதினார். இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. ஒரு குறையும் இருக்கிறது. அக்குடியிருப்பின் சந்தில் நிற்பவனுக்குத் தெரிவது வண்ணத் துண்டுகள் மட்டுமே. தூரத்துக் கண்ணுக்கென்றே வரையப்பட்ட ஓவியம், அருகில் வாழ்பவனுக்குப் பாதியே சொந்தம்.

நம் வேண்டுகோள்

ஆகவே தெருவோவியம் எதைக் கண்டாலும் மூன்று கேள்விகளை எழுப்புமாறு வாசகர்களை வேண்டுகிறோம். இச்சுவர் இங்கே ஏன் வெறுமையாக நின்றது? இவ்வோவியம் யாருடைய கண்ணுக்காக வரையப்பட்டது? இதன் நிறம் மங்கியபின், இங்கு வாழ்பவர்க்கு எஞ்சியிருக்கப்போவது என்ன? இம்மூன்றுக்கும் நேர்மையான விடை தரும் ஓவியம் சிறியதாயினும் சிறந்ததே.

1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954இல் அவர்களிடமிருந்து விடுபட்ட காரைக்கால் இன்று வேகமாக மாறிவருகிறது. வயல் மனையாகிறது, மனை சுவராகிறது. நம் பிள்ளைகள் பொறியாளர்களாகவும் கட்டடக் கலைஞர்களாகவும் வெளிநாடுகளில் பணிபுரிகிறார்கள். ஊருக்குத் திரும்பி வீடு கட்டும்போது அவர்கள் முதலில் எழுப்புவது உயர்ந்த சுற்றுச்சுவரே. பாதையின் உரிமையைப் பேணுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை மதரஸாவில் ஓதியவர்கள் நாம். பாதைக்கு நிழலும் இருக்கையும் முகமும் கொடுப்பதும் அவ்வுரிமையில் அடங்கும் என்று கொள்வதில் பிழையிருக்க முடியாது.

நம் வீட்டு நிக்காஹ் அந்த எழுத்துகளின் முன்னிலையிலேயே இனிதே நடந்தேறியது. விருந்தினர் சிலர் நம்மை அக்கட்சியினர் என்றே எண்ணிச் சென்றனர். விருந்து முடிந்ததும் மேஸ்திரியை அழைத்தோம். வாசலின் இருபுறமும் ஐந்தைந்து அடி நீளத்துக்குச் சுவரை அகற்றி, திண்ணை கட்டச் சொல்லியிருக்கிறோம். எஞ்சிய சுவரில் எழுத வருபவர் அத்திண்ணையில் அமர்ந்து நம்மோடு ஒரு குவளை தேநீர் அருந்திவிட்டு, என்ன எழுதுவது என்று கலந்து பேசட்டும்.